மரக்காத விரல்

சேசு மரி சூசை துணை

வண்ணார்பேட்டை, திருநெல்வேலி
12.01.2025

அன்புள்ள அண்ணன் ஜேசுதாசனுக்குத் தங்கை வினோலியா எழுதுவது. நான் சுகம். நீங்களும் மயினியும் நோய்நொடி இல்லாமல் இருக்க அந்தோணியாரை வேண்டிக்கொள்கிறேன்.

இந்தக் காலத்தில் எவள் உட்கார்ந்து கடிதம் எழுதுவாள் என்று நினைப்பீர்கள். நீங்கள் போனை எடுத்தால் நான் ஏன் எழுதப்போகிறேன்? எப்போது அடித்தாலும் கிரேஸி மயினிதான் எடுக்கிறார். “அவிய கடலுக்குப் போயிருக்காவ” என்கிறார். ஞாயிற்றுக்கிழமை அடித்தாலும் அதே பதில். உவரியில் ஞாயிற்றுக்கிழமை யார் கடலுக்குப் போகிறார்கள்? தாளில் வந்ததைப் படிக்காமல் போட உங்களுக்கு மனம் வராது என்றுதான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் போய் ஆறு மாதம் ஆகப்போகிறது. அன்று வள்ளத்தில் போனது நீங்களும் அவரும். கரைக்கு வந்தது நீங்கள் மட்டும். மூன்றாம் நாள் பெரியதாழைக் கரையில் அவரைக் கண்டெடுத்தார்கள். “அலை இழுத்துட்டுப் போயிட்டு” என்று போலீஸிடம் சொன்னீர்கள், பங்குச்சாமியிடம் சொன்னீர்கள், என்னிடமும் அதையே சொன்னீர்கள். போலீஸுக்குச் சொன்னது எனக்குப் போதாது அண்ணே. நான் அவர் மனைவி. கடைசியில் அவர் என்ன சொன்னார், எப்படிப் போனார், அதுதான் எனக்கு வேண்டும். ஜூலை 22இல் ஆண்டுப் பூசை. அது தெரியாமல் அந்தக் கல்லறைக்கு முன்னால் என்னால் நிற்க முடியாது.

கங்கைகொண்டானில் ஓர் ஊறுகாய்க் கம்பெனியில் சேர்ந்திருக்கிறேன். பாட்டில் வரிசையாக வரும், மூடியைத் திருகிவிட வேண்டும். கடல் சத்தம் கேட்கிற வீட்டில் தூக்கம் வராமல் ஓடிவந்தவளுக்கு இந்த மெஷின் சத்தம் எவ்வளவோ மேல்.

பதில் எழுதுங்கள். மயினிக்கு என் தோத்திரம்.

அன்புத் தங்கை,
வினோலியா


சேசு மரி சூசை

உவரி
02.02.2025

அன்புத் தங்கச்சி வினோலியாவுக்கு அண்ணன் ஆசீர்வாதம். இங்கு எல்லாரும் சுகம். உன் சுகத்துக்கு எழுதவும்.

கடிதம் கிடைத்தது. வேலை கிடைத்தது சந்தோஷம். வேளாவேளைக்குச் சாப்பிடு. கடலில் இப்போது காற்று இல்லை, மீன்பாடு பரவாயில்லை. சாளை படுகிறது. பேனா சரியில்லாததால் எழுத்து கோணலாக இருக்கிறது, தப்பாக நினைக்காதே. கிரேஸி உன்னைக் கேட்டதாகச் சொன்னாள்.

இப்படிக்கு,
ஜேசுதாசன்


வண்ணார்பேட்டை
23.02.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சேசுவுக்குத் தோத்திரம். உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். சாளை படுவது தெரிந்தது. நான் கேட்டதற்குப் பதிலைக் காணோம். அடுத்த கடிதத்துக்கு வைத்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் சுகம் என்று எழுதத்தான் ஆசை. வலது கை மட்டும் கொஞ்ச நாளாக என் பேச்சைக் கேட்பதில்லை. தூங்கும்போது விரல்கள் மரத்துப்போய் எழுப்பிவிடுகின்றன. கையைத் தொங்கப்போட்டு உதறினால்தான் உயிர் வருகிறது. சட்டைக்கு ஊக்குப் போட முடியவில்லை. நேற்று டம்ளரில் காப்பியை எடுத்துக்கொண்டு நடந்தேன். சத்தம் கேட்டுக் குனிந்தால் டம்ளர் தரையில் கிடக்கிறது. கூட வேலை பார்க்கிறவர்கள் சூடு பிடித்திருக்கும், எண்ணெய் தேய் என்கிறார்கள். அந்தோணியார் கோயில் எண்ணெய் ஒரு குப்பி கொடுத்து விடுங்கள்.

அவர் என்ன சொன்னார் என்று மட்டும் எழுதுங்கள் அண்ணே. ஒரு வரி போதும்.

வினோலியா


உவரி
27.02.2025

வினோலியா,

உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. ஞாயிறு வரட்டும் என்று இருக்காதே. லீவு போட்டுவிட்டுப் போ. எண்ணெய் அனுப்ப மாட்டேன். எண்ணெயைத் தடவிக்கொண்டு நாளைக் கடத்தாதே. யாருக்கும் தெரியாமல் வைத்துக்கொள்ளாதே. சூப்பர்வைசரிடம் சொல், கூட இருப்பவர்களிடம் சொல், எல்லாரிடமும் சொல். கொதிக்கிற எதையும் அந்தக் கையால் தூக்காதே.

சுண்டுவிரலும் மரக்கிறதா? அதை மட்டும் எனக்கு எழுது.

அண்ணன்


சேசு மரி சூசை துணை

வண்ணார்பேட்டை
23.03.2025

அன்புள்ள அண்ணனுக்கு வினோலியா வணக்கத்துடன் எழுதுவது. மயினி நலமா?

ஏழு மாதமாக வாய் திறக்காத மனிதர் நாலு நாளில் பதில் போட்டதைப் பார்த்து எனக்கே பயம் வந்துவிட்டது. தலைப்பில் சேசு மரி சூசைகூட இல்லை. சரி, உங்கள் சொல்படி பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நரம்பில் கரண்ட் வைத்துப் பார்த்தார்கள். மணிக்கட்டுக்குள் ஓர் இடுக்கு இருக்கிறதாம். விரல்களுக்குப் போகிற நரம்பு அதற்குள் நெரிபடுகிறதாம். நாளெல்லாம் மூடி திருகினால் வராமல் என்ன செய்யும்? டாக்டர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? “சுண்டுவிரலும் மரக்கிறதா?” இல்லை அண்ணே. கட்டைவிரலிலிருந்து மோதிரவிரல் பாதி வரைதான். சுண்டுவிரலுக்குப் போகிற நரம்பு வேறு வழியாம். இது உங்களுக்கு எப்படித் தெரியும்?

உடற்பயிற்சி சொல்லித்தருவது ரைஹானத் என்ற பெண். மேலப்பாளையத்துக்காரி, வாய் ஓயாது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு விரலை மடக்குவதைப் பார்த்துவிட்டு, “ஏக்கா, இது கையா, நங்கூரமா? இம்புட்டு முறுக்கிப் பிடிக்கீங்களே. பையப் பைய விரிங்க” என்கிறாள். உள்ளே தகடு வைத்த பட்டை ஒன்று தந்திருக்கிறார்கள், மணிக்கட்டு மடங்காமல் அதைக் கட்டிக்கொண்டு தூங்க வேண்டும். கைக்கு ஓய்வு கொடு, உடம்புக்குக் கொடுக்காதே என்று தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறாள். காலையில் ஆற்றோரமாகக் குறுக்குத்துறை வரை போய்வருகிறேன். தாமிரபரணி சத்தமே போடாமல் போகிறது. கடலைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இந்த ஆறு என்னிடம் கோபமாக இருக்கிறதோ என்று தோன்றும். சூப்பர்வைசர் சிவசண்முகம் சார் என்னை லேபிள் ஒட்டுகிற மேசைக்கு மாற்றிவிட்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த டம்ளரை நான் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன் அண்ணே. பிடித்திருக்கிறேன் என்றே நம்பிக்கொண்டு நடந்தேன். கை விட்டது எனக்குத் தெரியவே இல்லை. ரைஹானத்திடம் சொன்னதற்கு, “நீங்க விடலக்கா, நரம்பு விட்டுட்டு” என்றாள்.

பதில் போடுங்கள்.

வினோலியா


உவரி
09.05.2025

அன்புள்ள வினோலியாவுக்கு மயினி கிரேஸி எழுதுவது. சேசுவின் கிருபையால் நான் சுகம்.

நான் எழுதுவது உன் அண்ணனுக்குத் தெரியாது. அவர் பதில் போடவில்லை என்று நீ வருந்துவாய். உன் கடைசிக் கடிதம் வந்து ஒன்றரை மாதம் ஆகிறது, இன்னும் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார்.

உன்னிடம் பொய் சொன்னதற்கு மன்னித்துக்கொள். அருமைநாயகம் தம்பி போன நாளிலிருந்து இவர் கடலில் இறங்கவே இல்லை. வள்ளம் கரையில்தான் கிடக்கிறது. தினமும் விடிந்ததும் கடற்கரைக்குப் போகிறார். வாளி நிறைய ஈரமணலை அள்ளி வலது கையால் தூக்கிக்கொண்டு நடக்கிறார். வள்ளத்துக் கயிற்றைக் கையில் சுற்றி இழுத்துக்கொண்டே நிற்கிறார். கை வீங்கிவிட்டது. கேட்டால், “பலம் வரணும், பலம் வரணும்” என்கிறார். சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிடுகிறார். அதையும் இரண்டு தரம் கீழே போட்டுவிட்டார்.

நான் சொன்னால் கேட்கமாட்டார். நீ எழுது.

கிரேஸி


சேசு மரி சூசை துணை

வண்ணார்பேட்டை
18.05.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

மயினியைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பேன்.

வாளியைக் கீழே வையுங்கள். ரைஹானத்திடம் சொன்னேன், தலையில் அடித்துக்கொண்டாள். உள்ளே நரம்பு நெரிபடும்போது மேலே மேலே இறுக்கிப் பிடித்தால் வீக்கம் கூடும், நரம்பு இன்னும் நசுங்கும். இது பலம் இல்லாததால் வருவதில்லை அண்ணே.

நான் செய்வதை எழுதுகிறேன், அதை மட்டும் செய்யுங்கள். கையை மேசைமேல் வைத்து லேசாக மூடுங்கள், எதையோ நசுக்குவதுபோல் வேண்டாம். பிறகு விரல்களை நேராக்குங்கள். மணிக்கட்டைப் பைய பின்னால் சாயுங்கள். கட்டைவிரலை வெளியே விலக்குங்கள். மூச்சை விடுங்கள். விறுவிறு என்று வந்தால் நிறுத்திவிட வேண்டும், வீம்புக்குச் செய்யக் கூடாது. மற்றபடி நடங்கள். மணலில் கையை வீசி நடங்கள், வாளி இல்லாமல்.

இப்போது நான் கேட்கிறேன். உங்கள் கை என் கையைப் போலத்தானா? எப்போதிலிருந்து?

இதற்கும் பதில் போடாவிட்டால் நான் என்ன நினைத்துக்கொள்வேன் என்று உங்களுக்குத் தெரியும்.

வினோலியா


சேசு மரி சூசை

உவரி
08.06.2025

என் தங்கச்சி வினோலியாவுக்கு,

நீ ஜனவரியில் கேட்டதற்கு இப்போது பதில் எழுதுகிறேன். இதை எழுத நாலு நாள் ஆயிற்று. ஐந்து வரிக்கு ஒருமுறை பேனாவை வைத்துவிட்டுக் கையை உதறுகிறேன். பேனாவில் எந்தக் குறையும் இல்லை, முதலிலும் இல்லை.

போன வருஷம் தவக்காலத்திலிருந்தே வலது கை மரத்துக்கொண்டிருந்தது. வெளியே சொல்லவில்லை. கை வராதவனை நம் ஊரில் யாரும் வள்ளத்தில் ஏற்றமாட்டார்கள், அவன் வள்ளத்திலும் ஏறமாட்டார்கள். கிரேஸிக்குக்கூடத் தெரியாது. கோயில் விளக்கு எண்ணெயை வாங்கி, பதின்மூன்று செவ்வாய் பூசி முடிக்கும்வரை வேறு மருந்து தொடுவதில்லை என்று அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டேன். பதினொரு செவ்வாய் முடிந்திருந்தது. அந்த நாள் திங்கட்கிழமை. அந்தோணியார்மேல் குறை இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்று எந்தப் புனிதரும் சொல்லவில்லை. எனக்கு இருந்தது பயம், அதை நேர்ச்சை என்று சொல்லிக்கொண்டேன்.

விடிந்து கொஞ்ச நேரம்தான். ஆடிக்காற்று. கரைக்கு முன்னால் அலை உடைகிற இடத்தில் வள்ளம் கவிழ்ந்தது. விளிம்பு மாப்பிள்ளையின் இடது தோளில் அடித்து அந்தக் கை தொங்கிப்போயிற்று. கவிழ்ந்த வள்ளத்தின் கயிற்றை நான் இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையால் அவனுடைய நல்ல கையைப் பிடித்தேன். கரையில் எங்களைப் பார்த்துவிட்டார்கள். இன்னொரு வள்ளம் வந்துகொண்டிருந்தது.

அவன் என் முகத்தைப் பார்த்து, “மத்தக் கையக் குடுங்க மச்சான்” என்றான். இரண்டு தரம் சொன்னான். அதுதான் கடைசி. வேறெதுவும் சொல்லவில்லை. மற்றக் கையில் கயிறு இருந்தது, விட்டால் இரண்டு பேரும் போவோம் என்று நான் கொடுக்கவில்லை. கயிற்றை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கொடுத்திருக்கலாம். அது மறுநாள்தான் தோன்றியது. பிடித்த கை இருக்க ஏன் மற்றக் கையைக் கேட்டான் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

நான் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். கட்டைவிரலில் ஒன்றும் தெரியவில்லை. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் தெரியவில்லை. சுண்டுவிரலில் மட்டும் அவன் கை தெரிந்தது. அடுத்த அலைக்குப் பிறகு அதிலும் தெரியவில்லை. பார்த்தபோது என் கை பாதி மூடியபடியே இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

அலை இழுக்கவில்லை வினோலியா. என் கை விட்டது.

“நரம்பு விட்டுட்டு” என்று உன் ரைஹானத் சொன்னதைப் பலமுறை படித்தேன். அதை எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடியாது. நீ என்ன சொன்னாலும் சரி.

உன் சுகத்தைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஆனாலும் கேட்கிறேன்.

ஜேசுதாசன்


25.06.2025

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. ஆண்டுப் பூசைக்கு நான் வருவேன். நீங்கள் அன்று கோயிலுக்கு வர வேண்டாம். மயினி மட்டும் வரட்டும்.

வினோலியா


சேசு மரி சூசை

உவரி
06.07.2025

அன்புத் தங்கச்சிக்கு,

சரி. வரமாட்டேன்.

பூசைக்கு வேண்டியதைக் கிரேஸி பார்த்துக்கொள்வாள். போன ஞாயிறு பங்குச்சாமியிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். கடற்கரையில் எல்லாரிடமும் சொன்னேன். மாப்பிள்ளை முன்பு போன வள்ளத்தின் சொந்தக்காரன் அம்புரோஸ் மட்டும் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டான்.

பாளையங்கோட்டைக்குப் போய்க் கையைக் காட்டினேன். எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்டார், சரியான மாதத்தைச் சொன்னேன். முற்றிவிட்டதாம், பயிற்சி மட்டும் போதாதாம். ஆகஸ்டு 5 அறுத்துச் சரிசெய்கிறார்கள். உணர்வு எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாதாம். பட்டை கட்டிக்கொண்டு தூங்குகிறேன். வாளியைக் கிரேஸி ஒளித்துவைத்துவிட்டாள். காலையில் கையை வீசிக் கல்லறைத் தோட்டம் வரை நடக்கிறேன். வாசலோடு திரும்பிவிடுவேன்.

வரும்போது பஸ் வண்ணார்பேட்டையில் நின்றது. இறங்கவில்லை.

உன் கையைப் பார்த்துக்கொள்.

ஜேசுதாசன்


சேசு மரி சூசை துணை

வண்ணார்பேட்டை
13.07.2025

அன்புள்ள அண்ணனுக்கு வினோலியா எழுதுவது. நீங்களும் மயினியும் சுகமா?

உங்கள் ஜூன் மாதக் கடிதம் வந்த பிறகு நான் நடக்கப் போவதை நிறுத்திவிட்டேன். பட்டையைக் கழற்றி எறிந்தேன். ஆள் குறைகிறது என்றபோது நானே கேட்டு மூடி திருகுகிற வரிசைக்குப் போய் நின்றேன். நாலே நாளில் கை முழங்கை வரை எரிந்தது. ரைஹானத் பார்த்துவிட்டு, “இந்தக் கை உங்களுக்கு என்னக்கா பாவம் செஞ்சுது? இப்படிப் போட்டு அடிக்கீங்க” என்று கேட்டாள். அப்போது உங்கள் மணல்வாளி ஞாபகம் வந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

நானும் உங்களிடம் ஒன்றை மறைத்திருக்கிறேன். போன வருஷம் ஜூனில் ஒருநாள் அவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: “மச்சான் கையில ஏதோ கோளாறு இருக்கு. கயித்தப் பிடிச்சா நழுவுது. சொல்ல மாட்டுக்காவ, கேட்டா மனசு விட்டுப்போவாவ. அதான் அம்புரோஸ் வள்ளத்த விட்டுட்டு இவியகூடப் போறேன். ரெண்டு ஆளுக்கு மூணு கை போதும்லா.” சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். உங்களிடம் கேட்கவில்லை. மயினியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மயினி அன்றைக்கே உங்களை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பார்.

அவருக்குத் தெரியும் அண்ணே. எந்தக் கை நழுவும் என்று தெரிந்துதான் மற்றக் கையைக் கேட்டார். உங்களைத் துருவித் துருவிக் கேட்டேனே, உங்கள் கை அவரை விட்டதா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். விட்டது என்றால், கேட்காமல் சிரித்த நானும் சேர்ந்துதான் விட்டேன். அதைத் தாங்க முடியாமல்தான் உங்களை வர வேண்டாம் என்று எழுதினேன்.

மன்னித்துவிட்டேன் என்று எழுத இன்னும் எனக்கு மனம் வரவில்லை. உங்கள்மேல் கோபம் இருக்கிறது. கை மரத்ததற்கு அல்ல, ஒரு வருஷம் என்னை அலைமேல் கோபப்பட வைத்தீர்களே, அதற்கு. ஆனால் அவர் கடைசியாகச் சொன்னது இப்போது என்னிடம் இருக்கிறது. பயந்து கத்தவில்லை, என்ன வேண்டும் என்று தெளிவாகக் கேட்டிருக்கிறார். அவர் அப்படித்தான்.

22ஆம் தேதி முதல் பஸ்ஸில் வருகிறேன். நீங்கள் கோயிலுக்கு வர வேண்டும். வர வேண்டாம் என்று எழுதியதைக் கிழித்துப் போடுங்கள். பூசை முடிந்து கல்லறைக்குப் போகும்போது என் பக்கத்தில் நடங்கள், வாசலோடு திரும்ப விடமாட்டேன். நான் பட்டை கட்டிக்கொண்டு வருவேன், நீங்களும் கட்டிக்கொண்டு வாருங்கள். ஊர் பார்த்தால் பார்க்கட்டும்.

உங்கள் சுண்டுவிரலை மட்டும் என்னிடம் கொடுங்கள். அவர் கடைசியாக இருந்த இடம் அது. என் சுண்டுவிரலால் பிடித்துக்கொள்கிறேன். அதில் எனக்கு இன்னும் நன்றாகத் தெரிகிறது.

அன்புத் தங்கை,
வினோலியா